இரண்டு சங்கு பொறுக்காதவள்

அய்யா,

இங்கு அனைவரும் நலம், அங்கு உன் நலம் அறிய ஆவல் என்றுதான் முதல் வரி எழுத வேண்டும். அந்த வரியை நீ ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது உன் சிலேட்டில் எனக்கு எழுதப் பழக்கிக் கொடுத்தாய். இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை. உன் சித்தப்பாவின் பதினாறாம் நாள் காரியம் இன்று காலையில் முடிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையம் வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரம் காயாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ வருவாய் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் தெருவில் கார் சத்தம் கேட்டபோதெல்லாம் பந்தலை விட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். உன் சித்தி பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலாவது தடவை, "உக்காருங்கக்கா, அவன் வர மாட்டான்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவன் இறந்த அன்று உனக்கு டெலிபோன் செய்தேன். "சித்தப்பா போயிட்டாருய்யா" என்றேன். நீ, "சரிம்மா" என்றாய். அதற்கு அடுத்தாற்போல, "சுகர் மாத்திர ஒழுங்காப் போடுதியா?" என்று கேட்டாய். பிள்ளையில்லாத சித்தப்பனுக்கு அண்ணன் மகன்தான் கொள்ளிச்சட்டி தூக்க வேண்டும். அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் "சரி" என்றாய். கடைசியில் சித்தியின் தம்பி மகன் தூக்கினான். உன்னை நான் குறை சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை உன் வாயில் பதினோரு வருடத்துக்கு முன்னால் வைத்தவளே நான்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பாதியில் மடித்து வைத்துவிடாதே. கடைசிவரை படி.

எனக்கு மறதி கிடையாது என்பது உனக்குத் தெரியும். உன் அக்கா கல்யாணப் பந்தியில் எனக்கு ரசம் ஊற்றாமல் தாண்டிப் போனவனை இன்றைக்குக் கூட்டத்தில் நிறுத்தினாலும் கை காட்டுவேன். உன் அப்பாவின் அக்கா, அந்தத் தேவதானத்து அத்தை, நான் வாக்கப்பட்டு வந்த மூன்றாம் நாள் என் குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டு வாசல் வேம்புக்கு ஊற்றியதும் நெஞ்சில் அப்படியே இருக்கிறது. மரம் பட்டுப்போய் இருபது வருடம் ஆகிறது, எனக்கு அந்தக் குழம்பு இன்னும் ஆறவில்லை. இப்படி நான் சேர்த்து வைத்ததில் பெரியது உன் சித்தப்பா மேல் வைத்திருந்தது.

நான் இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம், மில்லில் ஏதோ ஒரு தாளில் என் கையெழுத்து வேண்டும் என்று அப்பா கொண்டுவந்தார். என்னை அரிச்சுவடி முடிக்கும் முன்பே ஆடு பத்த அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஏது கையெழுத்து? தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சித்தப்பா அப்போது பள்ளிக்கூடம் போகிற பையன். எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, மதினி கைநாட்டுண்ணே! பெருவிரல நல்லா நக்கிட்டு வைக்கச் சொல்லு" என்றான். வீடு மொத்தமும் சிரித்தது. உன் அப்பாவும் சிரித்தார். அப்பாவை மன்னித்துவிட்டேன், அவரோடு ஒரே பாயில் படுக்க வேண்டுமே. சித்தப்பாவை மன்னிக்கவில்லை. பிற்பாடு உன் சிலேட்டில் நான் எழுத்துப் படித்தது படிப்பின் மேலுள்ள ஆசையால் என்று நீ உன் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்கிறாயாம். அது ஆசை இல்லை அய்யா, ஆங்காரம்.

அவனோ அதற்குப் பிறகு ஒரு குற்றமும் செய்யவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் டெலிபோன் ஆபீசில் லைன்மேன் வேலை கிடைத்ததும், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அய்யனார் கோவில் அருவிக்குப் போனான். கம்பத்துக் கம்பியில் மாட்டிப் பேசுகிற கறுப்பு போனை உன் காதில் வைத்து, "பேசுலே, மதராஸ் கேக்குது" என்றான். நீ அன்று முழுவதும் மதராஸ் மதராஸ் என்று குதித்தாய். உன்னைத் தூரதேசத்துக்கு அனுப்பியது அந்தப் போன்தான் என்று அதற்கும் அவன் பேரில் ஒன்று எழுதி வைத்துக்கொண்டேன்.

நீ சிகாகோவுக்குப் புறப்பட்ட அன்று மதராஸ் ஏரோப்ளேன் நிலையத்தில் நாங்கள் நின்றது நினைவிருக்கும். அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புட்டு நேரம்லே ஆகும்?" என்றார். "பறக்குறது மட்டும் பத்தொம்பது மணி நேரம்ப்பா, எட்டாயிரம் மைலுக்கு மேல இருக்கு" என்றாய். நீ 'மட்டும்' என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கு அந்தச் சொல்லை நான் காதில் வாங்கினேனே ஒழிய, கணக்கில் வாங்கவில்லை. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். அப்பா என்னைத் தேற்றினார். "என்ன பெரிய தூரம்ங்கேன்? பத்தொம்பது மணி நேரம்னா ரெண்டு ஷிப்ட்டும் மூணு மணி நேரமும். ராத்திரி ஷிப்ட்டு பாத்துட்டு ஓவர்டைம் நின்னா வீட்டுக்கு வர்றதில்லையா? அப்படி நெனச்சுக்க."

மில்லுக்காரன் பெண்டாட்டிக்கு அதைவிட நல்ல கணக்கு யார் சொல்லித் தர முடியும்? ஷிப்ட்டு மாற மில்லில் காலை எட்டு மணிக்கு ஒரு சங்கு, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு சங்கு, நடுச்சாமத்துக்கு ஒரு சங்கு. உலை வைத்தது, உனக்குப் பால் கொடுத்தது, உன் அக்காவுக்கு இடுப்புவலி எடுத்தது எல்லாமே எனக்குச் சங்கை வைத்துத்தான். உலகம் முழுவதற்கும் அதே சங்குதான் ஊதுகிறது என்று இருந்துவிட்டேன். உன் ஊரில் வேறு சங்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பா ஒரு புதன்கிழமை சாயங்காலம், நாலு மணிச் சங்குக்குப் பிறகு போனார். சித்தப்பா அன்றிரவே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசில் உட்கார்ந்து உனக்கு டிரங்க் கால் போட்டுப் பேசிவிட்டு, விடியுமுன் சைக்கிள் மிதித்து வந்து சொன்னான். "வியாழக்கெழம காலைல பத்து மணிக்கு அவனுக்கு பிளேன். வர்ற வரைக்கும் அப்பாவ எடுக்க வேண்டாம்னு சொன்னான். நீ மொகத்தப் பாக்காம எடுக்க மாட்டோம்லேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் மதினி." ஐஸ் கம்பெனியில் பாளம் பாளமாக வாங்கி வந்து உமியைப் போட்டு அப்பாவைக் கிடத்தினார்கள். பங்குனி வெயில். நான் தலைமாட்டில் உட்கார்ந்து விரல் விட்டேன். வியாழன் காலை பத்து, அதிலிருந்து பத்தொன்பது மணி நேரம், வெள்ளி விடியக்காலை ஐந்துக்கு மதராஸ். அங்கிருந்து காரில் பதினோரு மணி நேரம். வெள்ளிக்கிழமை நாலு மணிச் சங்குக்கு என் பிள்ளை வாசலில் நிற்பான். வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. புருசன் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கணக்குத் தெரிந்தவள் என்று பெருமைப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிச் சங்கு ஊதியது. தெரு மொத்தமும் கார் திரும்பும் முக்கைப் பார்த்தது. நாலரை ஆனது. ஐஸ் உருகி வாசல்வரை தண்ணீர் ஓடியது. தேவதானத்து அத்தை தொடங்கினாள். "நாளைக்குச் சனிக்கெழம. சனிப் பொணம் தனியாப் போகாதுன்னு தெரியும்ல? பொழுது எறங்கங்குள்ள எடுக்கணும். வர்றவன் வந்திருக்க மாட்டானா? அங்க பொண்டாட்டி முந்தானய விட்டு எந்திரிச்சானோ என்னவோ." அப்போதுதான் சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "மதினி, செத்த பொறுங்க. அங்க காலைல பத்துன்னா இங்க ராத்திரி ஒம்பதர. அவன் ஏறுனதே நமக்கு வியாழன் ராத்திரிதான். நடுவுல ரெண்டு ஊர்ல எறங்கி, காத்துக் கெடந்து, மாறி ஏறணும். பறக்குற நேரத்த மட்டும் எண்ணக் கூடாது. நாளைக்குக் காலைலதான் வருவான்."

"அதெப்படிப்பா, அங்கயும் இங்கயும் ஒரே சூரியன்தான?" என்று ஒருவர் கேட்டார். சித்தப்பா என்ன செய்தான் தெரியுமா? அப்பாவின் தலைமாட்டு விளக்குக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தட்டிலிருந்த எலுமிச்சம் பழத்தை எடுத்தான். "இந்தா, விளக்குதான் சூரியன். இந்தப் பக்கம் நாம, அந்தப் பக்கம் அவன்" என்று பழத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். அவனுக்கு ஆபீசில் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அத்தை சும்மா இருப்பாளா? "ஏலே சின்னவனே, பொணத்துக்கு முன்னால என்னலே பம்பரம் விட்டுக்கிட்டிருக்க?" என்றாள். கேத வீட்டிலும் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அவன் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "மதினி, ஒங்களுக்கு இது புரியாது. நான் சொல்றத நம்புங்க" என்றான்.

ஒங்களுக்குப் புரியாது. அவன் அதை எவ்வளவு அன்பாகச் சொன்னான் என்பது இன்றைக்குக் காதில் கேட்கிறது. அன்றைக்கு எனக்குக் கேட்டது வேறு. முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய அந்தச் சிரிப்பு, அந்தத் தாள், நக்கச் சொன்ன பெருவிரல். கூட்டத்தின் நடுவில் மறுபடியும் நான் கைநாட்டு. நான் எழுந்து நின்றேன். "புரியாதவதான் சொல்லுதேன். எடுங்க" என்றேன்.

அவன் என் காலைப் பிடித்தான் அய்யா. "வேண்டாம் மதினி, எங்கைல கொள்ளிச்சட்டியக் குடுத்துராதிய. அவன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்று அழுதான். "அண்ணனுக்குத் தம்பி தூக்குனா ஆகாதோ?" என்று கேட்டேன். ஐந்து மணிக்குத் தூக்கினார்கள். உள்ளதைச் சொல்கிறேன், உன் மேலும் எனக்குக் கோபம் இருந்தது. நீ ஏறவே இல்லை, உன் பெண்டாட்டி விடவில்லை என்று முக்கால்வாசி நம்பினேன். அவளிடம் இதைச் சொல். இத்தனை வருடம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாததற்கு அவள் வேறு காரணம் தேடியிருப்பாள், பாவம்.

அன்று நடுச்சாமச் சங்கு ஊதியது. மறுநாள் எட்டு மணிச் சங்கு ஊதியது. பத்து மணிக்கு உன் கார் வந்து நின்றது. இரண்டே சங்கு. கழுவிவிட்ட வாசலைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. "யாரும்மா எடுக்கச் சொன்னது?" என்றாய். அய்யா, அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நாக்கு அந்தப் பக்கம் திரும்பவில்லை. "ஒஞ் சித்தப்பாட்ட கேளு" என்றேன். மொட்டைத் தலையோடு அவன் சுவரோரம் நின்றிருந்தான். என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நாந்தாய்யா. ஐஸ் நிக்கல. நேத்துச் சாயங்காலம் நாந்தான் எடுக்கச் சொன்னேன்" என்றான். நீ அவனிடம் சொன்னது இதுதான்: "எட்டாயிரம் மைல் வந்தேன் சித்தப்பா. ரெண்டு சங்கு பொறுக்கலியா ஒங்களுக்கு? நீங்க செத்தா நான் வர மாட்டேன்." பத்துப் பேருக்கு உண்மை தெரியும். அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆலங்குளத்திலிருந்து வந்திருந்த உன் அக்கா என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். தாயைக் காட்டிக் கொடுக்கிற மகளாக அவளை நான் வளர்க்கவில்லை.

அதன் பின் நீ இரண்டு முறை வந்து போனாய். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திரும்பவில்லை. நான் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றுகூட நினைக்கவில்லை. அவன் ஒத்துக்கொண்டானே, அதனால் அது அவன் குற்றம்தான் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன். மனசு அப்படியும் செய்யும். நீ ஜாக்கிரதையாக இரு.

நம் வீட்டுக்கு டெலிபோன் வந்தபோது கம்பத்திலிருந்து கம்பி இழுத்துக் கொடுத்தவன் அவன்தான். ரிட்டையர் ஆகிற வயதில், அந்த வெயிலில், அண்ணன் வீட்டு லைனுக்கு நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்து ஏறினான். நான் சீனி போடாமல் காப்பி கொடுத்தேன். மறந்துவிட்டது என்றேன். எனக்கு மறதி கிடையாது. அவன் முழுவதையும் குடித்துவிட்டு, "மதினி காப்பின்னா காப்பிதான்" என்றான். முதல் தடவை நீயும் நானும் பேசியபோது, அவன் உள்ளே வரவில்லை. வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, என் பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும், "நல்லாருக்கானா? அங்க மணி என்னவாம்?" என்றான். "நீதான் கணக்கு வாத்தியாராச்சே, நீயே சொல்லு" என்றேன். அவன் கருவிப் பையை எடுத்துக்கொண்டு போனான். அவன் இழுத்துவிட்ட கம்பியில்தான் நீ "சரிம்மா" என்றாய். அதனால்தான் இதை டெலிபோனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

கடைசியாக அவனை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். போனவள் கேட்டது என்ன தெரியுமா? "அன்னைக்கு என்னயக் கைநாட்டுன்னு சொன்னியே, ஏன் சொன்ன?" அவன் விழித்தான். "நானா? எப்ப மதினி?" என்றான். நான் தாள், நக்கச் சொன்னது, சிரிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். யோசித்து யோசித்துப் பார்த்தான். "சின்னப் பய, சொல்லியிருப்பேன். நெனப்பில்லயே மதினி" என்று சிரித்தான், சிரிப்பு இருமலாகிவிட்டது. அவனுக்கு நினைவே இல்லை அய்யா. நாற்பத்தாறு வருடம் நான் தனியாக ஒரு விளக்கை எரியவிட்டு, அதற்குத் தனியாக எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அதன் வெளிச்சத்தில்தான் உன் அப்பாவைத் தூக்கச் சொன்னேன்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்தான். "அவன்ட்ட எதுவும் சொல்லீராதிய. எம்மேல உள்ள கோவத்தோட அவன் இருந்துக்கிடுவான். ஒங்க மேல கோவம் வந்தா அவனுக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா?" என்றான். நான் சரி என்றேன். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன். நாலாம் நாள் அவன் போய்விட்டான். நீ எட்டாயிரம் மைலை இரண்டு பகலுக்குள் கடந்து வந்தவன். ஸ்ரீவில்லிபுத்தூர் இங்கிருந்து அரை மணி நேரம். நான் பதினோரு வருடமாக அங்கே போய்ச் சேரவில்லை.

அவன் போன பிறகும் உன்னிடம் சொல்லப் பதினாறு நாள் இருந்தது. போன் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நீயாக மனம் மாறி வந்துவிட்டால் நான் எதுவும் சொல்லாமல் தப்பித்துக்கொள்ளலாமே என்றுதான் காத்திருந்தேன். தெருமுக்கை எட்டி எட்டிப் பார்த்தது அதற்குத்தான். இப்போது காரியம் முடிந்துவிட்டது. இனி இதை எதைக்கொண்டும் நேராக்க முடியாது. செத்தவன் காதில் எந்தக் கம்பியை இழுத்து எதைச் சொல்ல?

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். எனக்கு நாள் அதிகமில்லை. நான் போனால் யாரும் ஐஸ் வாங்க வேண்டாம், மணி எண்ண வேண்டாம், உன் அக்கா மகன் தூக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நீ எனக்கு வர வேண்டாம். எனக்கு வருகிற பயணத்தை அவனுக்கு வா. அடுத்த வருடம் அவனுக்குத் திவசம் வரும். அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, நேராகச் சித்தி வீட்டுக்குப் போ. அந்த ஊர் நேரம், இந்த ஊர் நேரம், மாறி ஏறக் காத்துக் கிடக்கும் நேரம் எல்லாம் கூட்டித்தான் சொல்கிறேன், மூன்று நாள் முன்னால் கிளம்பினால் போதும். இந்தத் தடவை கணக்குச் சரி. அதற்குப் பிறகு என் வாசலை மிதிப்பதும் மிதிக்காததும் உன் இஷ்டம்.

கடிதத்தின் அடியில் நீ பழக்கிக்கொடுத்த கையெழுத்தைப் போட்டுப் பார்த்தேன். அது இந்தக் கடிதத்துக்குப் பொருந்தவில்லை. அதனால் அடித்துவிட்டு, பேனாவைத் திறந்து பெருவிரலில் மையைத் தடவி வைத்திருக்கிறேன். கீழே இருப்பது கறை இல்லை அய்யா. அது உன் அம்மா.